இதரம்: வீட்டுத் தொலைபேசிப் பில்லில் வரும் ஒரு வரியைப் பற்றிய ஆராய்ச்சி

மனிதன் விலை கொடுத்து வாங்குகிற வஸ்துக்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றில் அநேகமாக எல்லாவற்றையும் அளக்கும் கருவி அவன் கண்ணெதிரிலேயே இருப்பது தெரியவரும். பால்காரர் படியைக் கவிழ்ப்பதையும், ரேஷன் கடைக்காரர் தராசுத் தட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்ப்பதையும் நாம் நின்று பார்க்கலாம். மாடுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டிடத்தின் மாடிப்படிக்குக் கீழே மின்சார மீட்டர்கள் சுழல்வதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட வேடிக்கை பார்த்ததுண்டு. பம்பாயின் பழைய பியட் டாக்ஸியில் மீட்டர் வண்டிக்கு வெளியே, முன்புறத்தில் இருந்தது. அதில் விழும் தொகை வேறு, பிரயாணி கொடுக்கவேண்டிய தொகை வேறு, இரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தை டிரைவரின் சட்டைப்பையிலிருந்து வெளிப்படும் ஓர் அட்டை விளக்கும் என்ற சிக்கல் இருந்தபோதிலும், மூலத்தையும் உரையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை பிரயாணிக்கு இருந்தது. இந்தப் பொது விதிக்கு விலக்காக நின்றது வீட்டுத் தொலைபேசி ஒன்றுதான். பேசும் கருவி நம் கூடத்தில், பூத்தையல் போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, சுவாமி படத்துக்கு அடுத்த மரியாதையோடு வீற்றிருக்கும். அளக்கும் கருவியோ தெருக்கள் பல தாண்டி, எக்ஸ்சேஞ்சில், நம்மைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களின் மீட்டர்களுக்கு நடுவே, யாரும் பாராத நேரத்தில் தானே நகர்ந்துகொண்டிருக்கும்.

நியாய சாஸ்திரம் அறிவுக்கு நான்கு பிரமாணங்களை ஒப்புக்கொள்கிறது. தொலைபேசிப் பில்லுக்கு அவற்றைப் பிரயோகித்துப் பார்ப்போம். பிரத்யட்சம் இல்லை என்பதை மேலே ஸ்தாபித்தாயிற்று. அனுமானம் என்பது மலையில் புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது. பில்லைக் கண்டு பேச்சை ஊகிப்பது இதற்கு ஒப்பாகத் தோன்றினாலும், நெருப்பில்லாமல் புகை வராது என்ற நியதி தொலைபேசி விஷயத்தில் நிலைநாட்டப்படவில்லை. உபமானம் என்பது மேல்வீட்டு மாமாவின் பில்லை வாங்கி நம்முடையதோடு வைத்துப் பார்ப்பது; இதனால் துக்கம் இரண்டு வீட்டுக்கும் பொதுவானது என்ற ஆறுதல் கிடைக்குமே தவிர உண்மை விளங்காது. எஞ்சுவது சப்தம், அதாவது நம்பத்தக்கவர் சொல்லும் வாக்கு. சப்தத்தையே விற்று ஜீவனம் செய்யும் ஒரு ஸ்தாபனம் தன் கணக்குக்கும் சப்தப் பிரமாணத்தையே ஆதாரமாகக் கொண்டது என்பதில் ஒரு சாஸ்திரப் பொருத்தம் இருக்கிறது.

இனிப் பெயராராய்ச்சி. பவணந்தி முனிவர் நன்னூலில் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று பிரித்துக் காட்டியதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். பில்லில் உள்ள 'வாடகை' காரணப் பெயர். 'அழைப்புக் கட்டணம்' காரணப் பெயர். இவற்றுக்குக் கீழே, அச்சும் சற்று மங்கலாய், தலையைக் குனிந்துகொண்டு நிற்கும் 'இதரக் கட்டணம்' என்பது என் தாழ்மையான அபிப்பிராயத்தில் சுத்த இடுகுறி. 'இதர' என்றால் மற்றது. எது அல்லாத மற்றது என்று கேட்டால், ஏற்கெனவே நீங்கள் ஏன் என்று கேட்டவை எல்லாம் அல்லாத மற்றது என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. மராத்திக்காரர்களும் இச்சொல்லை இதே பொருளில் 'இதர்' என்கிறார்கள். கேட்பதற்கு ஏறக்குறைய இதே ஒலியுள்ள ஹிந்திச் சொல்லுக்கோ 'இங்கே' என்று பொருள். பம்பாய்வாசியின் காதுக்கு இரண்டு பொருளும் சேர்ந்தே கேட்கும்: மற்றது, ஆனால் இங்கேதான் வரும்.

சரித்திரத்துக்கு வருவோம். பம்பாய்க்குத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882இல். ஒரு தனியார் கம்பெனியின் கையில் 1943 வரை இருந்து, பிறகு சர்க்காரின் கைக்குப் போய், 1986ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி டில்லிக்கும் பம்பாய்க்குமாக அமைந்த மகாநகர் டெலிபோன் நிகாமை வந்தடைந்தது. (தேதியை நான் தேர்ந்தெடுக்கவில்லை.) இந்த நீண்ட காலத்தின் பெரும்பகுதியில் தொலைபேசி என்பது காத்திருந்து பெறும் வரம், ஒரு கட்டிடத்தில் ஒரு வீட்டுக்கு அது வாய்த்தால் மற்ற வீட்டார் எல்லாரும் தம் விசிட்டிங் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அந்த எண்ணை அச்சிட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று இரண்டு எழுத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். குறிப்பிட்ட நபரைக் கூப்பிட்டுத் தரும்படி கேட்கும் ட்ரங்க் கால் வழக்கிலிருந்து வந்த இவ்விரண்டு எழுத்துக்கு, நடைமுறையில், 'பக்கத்து வீட்டுப் பிராணனை வாங்கு' என்று பொருள். அக்காலத்துத் தொலைபேசிச் சொந்தக்காரர் கருவியின் அருகே ஒரு டப்பாவை வைத்திருப்பார்; பேசி முடித்தவர் அதில் எட்டணாவோ ஒரு ரூபாயோ போடவேண்டும் என்பது எழுதாச் சட்டம். பேச்சு நீண்டதற்கும் காசு விழுந்த ஓசைக்கும் உள்ள வித்தியாசம்தான், இந்நகரத்துத் தமிழர் அறிந்த முதல் இதரக் கட்டணம். அதைச் செலுத்தியவர் வீட்டுக்காரர்.

அந்த ட்ரங்க் கால் யுகத்தில் ஒரு நன்மை இருந்தது: சாட்சி இருந்தது. கும்பகோணத்துக்குப் பேசவேண்டுமானால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஒரு பெண்மணியிடம் எண்ணைச் சொல்லி, சாதாரணமா அவசரமா என்ற கேள்விக்குக் கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்லி, அரை நாள் காத்திருந்து, 'மூன்று நிமிஷம் ஆயிற்று, நீட்டிக்கட்டுமா?' என்று அவரே இடையில் புகுந்து கேட்டபிறகு, நாமே சரி என்று சொல்லி வஞ்சிக்கப்பட்டோம். அந்தப் பெண்மணியை அகற்றியவர் அமெரிக்காவில் கான்ஸாஸ் நகரத்துச் சவ அடக்கக் காரியஸ்தர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் தமக்கு வரவேண்டிய மரணச் செய்திகளைப் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவர் சந்தேகித்ததாகவும், அந்தக் கோபத்திலேயே மனிதக் கை படாத தானியங்கி எக்ஸ்சேஞ்சைச் சிருஷ்டித்து 1891இல் அதற்குக் காப்புரிமை பெற்றதாகவும் ஐதிகம் சொல்லுகிறது. பிணத்துக்காகத் தொடங்கிய சம்சயம் உயிரோடிருக்கும் சந்தாதாரர் தலையில் விடிந்த விதம் இது.

சாட்சி போன இடத்தில் துடிப்பு வந்தது. பின்லாந்து தேசத்துக் கார்ல்சன் என்ற பொறியியல் நிபுணரின் பெயரால் வழங்கும் முறையில், எக்ஸ்சேஞ்சு கடிகாரம்போல ஒரே சீராகத் துடித்துக்கொண்டே இருக்கும்; நாம் பேசுகையில் எத்தனை துடிப்பு விழுகிறதோ அத்தனைக்குக் காசு; தூரம் கூடக்கூடத் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி குறையும். இதிலுள்ள ரசம் என்னவென்றால், துடிப்பு நமக்காகத் தொடங்குவதில்லை. பஸ்ஸில் நாம் ஏறிய இடத்தைப் பாராமல், மணி அடிக்கும்போதெல்லாம் உள்ளே இருப்பவர் எல்லாருக்கும் டிக்கெட் கிழிக்கும் ஒரு கண்டக்டரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மணி அடிப்பதற்கு ஒரு கணம் முன்பு ஏறியவனும் ஒரு டிக்கெட், அடித்து ஓய்ந்தபின் ஏறி வெகுதூரம் வந்தவனும் ஒரு டிக்கெட். அந்தப் பெண்மணியின் தயவில்லாமல் வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே 1960இல் முதன்முதலாக ஏற்பட்டது, 1976இல் பம்பாயிலிருந்து லண்டனுக்கு நேரே சுழற்றிப் பேசும் வசதியும் வந்தது. சித்தப்பா லண்டனில் இருந்த குடும்பங்களின் கௌரவம் உயர்ந்ததும் நிம்மதி தாழ்ந்ததும் ஒரே சமயத்தில்.

இந்த ஆராய்ச்சியின் பிரதான சித்தாந்தத்தை இப்போது வெளியிடலாம்: இதரக் கட்டணம் என்பது சந்தாதாரருக்கும் கம்பெனிக்கும் இடையே உள்ள வழக்கு என்று பலரும் எண்ணுவது பிரமை, அது வீட்டுக்குள்ளேயே தோன்றி, வீட்டுக்குள்ளேயே விசாரிக்கப்பட்டு, வீட்டுக்குள்ளேயே தண்டனை நிறைவேற்றப்படும் வழக்கு. பில் வந்த அன்று மாலை குடும்பத் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் முறையிலேயே சபை கூடிவிடும். இரவு 11 மணிக்குமேல் கால் பங்குக் கட்டணம் என்ற சலுகை இருந்த நாட்களில், கொட்டாவி விட்டுக்கொண்டு அந்த வேளைக்காகக் காத்திருந்து ஊருக்குப் பேசிய அதே குடும்பம், 'பத்தே முக்காலுக்கு ரிஸீவரை எடுத்தது யார்?' என்ற கேள்விக்கு முன் மௌனம் சாதிக்கும். கல்லூரி மாணவி சந்தேகத்துக்கு உரியவள். விடுமுறைக்கு வந்துபோன மைத்துனன் இல்லாததனால் குற்றவாளி. மருமகளின் பிறந்தகம் எந்த ஊரில் இருக்கிறது என்பது அப்போதுதான் மாமியாருக்கு ஞாபகம் வரும். எவரும் மீட்டரைச் சந்தேகிப்பதில்லை. காணாத பொருளைச் சந்தேகிப்பது நாஸ்திகம் அல்லவா?

தீர்ப்பின் முடிவில் பூட்டு வரும். சுழலும் வட்டத்தின் துளையில் மாட்டும் அச்சிறு பூட்டையும், அதன் சாவி பாட்டியின் இடுப்புச் சுருக்குப்பையில் வாசம் செய்ததையும் நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் சுழற்றும் வட்டம் செய்வதெல்லாம் மின்னோட்டத்தை எண்ணுக்கேற்ற தடவை விட்டுவிட்டுத் துண்டிப்பதுதான். அதையே ரிஸீவர் வைக்கும் கட்டையை விரலால் தட்டியும் செய்யலாம்: மூன்றுக்கு மூன்று தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து. ஷண்முகானந்தா சபையில் வாரந்தவறாமல் கச்சேரி கேட்டு வளர்ந்த மாடுங்காப் பையன்களுக்கு இது ஒரு பிரமாதமா? தனி ஆவர்த்தனம்போல ஆறு இலக்கத்தையும் தாளம் பிசகாமல் தட்டி முடித்தவர்கள் உண்டு. பூட்டு பூட்டியபடி இருக்க, பில் ஏறியபடி இருக்க, பாட்டி சாவியைத் தடவிப் பார்த்துத் திருப்தி அடைந்தபடி இருந்தாள்.

இங்கே சற்று வடமேற்கே நடந்து தாராவிக்குப் போகவேண்டும். 90 அடி ரோட்டில் எண்பதுகளின் பிற்பகுதிக்குப்பின் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துக்கள் முளைத்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று திருநெல்வேலிக்குப் பேசுகிற தோல் கிடங்குத் தொழிலாளியின் கண்ணெதிரே சிவப்பு எண்கள் ஒளிர்ந்துகொண்டிருக்கும். தொகை ஏறுவது தெரியும். பேசி முடித்தால் துண்டுச் சீட்டு அச்சாகிக் கைக்கு வரும். 'யம்மா, வைக்கேன், நம்பரு மாறப் போவுது' என்று சொல்லி அவர் ரிஸீவரை வைக்கும் நுட்பம், ஓடும் லோக்கல் வண்டியிலிருந்து தாதரில் இறங்கும் நுட்பத்துக்குக் குறைந்ததன்று. அதாவது, பிரத்யட்சப் பிரமாணம் செம்பூர் அடுக்குமாடிக்காரருக்கு மறுக்கப்பட்டு, வீட்டில் தொலைபேசியே இல்லாத தாராவிக்காரருக்குச் சித்தித்திருந்தது. பூத்துக்கார அண்ணாச்சியிடம் சில்லறைக்காகச் சண்டை நடந்ததைக் கேட்டிருக்கிறேன். 'நான் இவ்வளவு பேசவேயில்லை' என்ற சண்டையை ஒருநாளும் கேட்டதில்லை.

வரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், அவை சுருக்கமாக இல்லாவிட்டாலும். 1994ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி இந்தியாவில் சேவை வரி பிறந்தபோது அதற்கு உட்பட்ட சேவைகள் மூன்றே: பங்குத் தரகு, ஆயுள் அல்லாத இன்ஷ்யூரன்ஸ், தொலைபேசி. அப்போது 5 சதவீதம். பிறகு 8, 10, 12. நடுவில் கல்விக்காக ஒரு மேல்வரி, உயர்கல்விக்காக அதன் தங்கை. 2015 நவம்பரில் தூய்மை பாரதத்துக்காக அரை சதவீதம், அடுத்த ஜூனில் விவசாயிகள் நலனுக்காக இன்னோர் அரை. 2017 ஜூலை முதல் எல்லாம் ஒரே ஜோதியில் கலந்து 18. தங்கையைக் கூப்பிட்டு 'வீடு பெருக்கியாச்சா? சாப்பிட்டாயா?' என்று விசாரித்த ஒருவர், அவ்விரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியே தேசத்துக்குக் காணிக்கை செலுத்திய காலம் ஒன்று இருந்தது. இதில் நாம் மட்டும் நொந்துகொள்வதற்கில்லை. ஸ்பெயினோடு நடத்திய யுத்தத்துக்காக 1898இல் அமெரிக்கர் தொலைபேசிப் பேச்சின்மேல் விதித்த வரி, யுத்தம் சில மாதங்களில் முடிந்துபோன பின்னும், இடையிடையே போய்ப் போய்த் திரும்பி வந்து, தொலைதூரப் பேச்சை விட்டு நீங்கியது 2006இல்.

நீதிமன்றம் போவோருக்கு ஒரு வார்த்தை. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தில் 7பி என்று ஒரு பிரிவு இருந்தது. பில் தகராறு மத்தியஸ்தருக்குப் போகவேண்டும், அவர் சொன்னது முடிவு. அப்படியிருக்க நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாகாது என்று 2009இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. போகலாம் என்று 2022இல் அதே கோர்ட் சொல்லிற்று. இடைப்பட்ட பதின்மூன்று வருஷங்களில் பெரும்பாலோர் வீட்டுத் தொலைபேசியையே விட்டுவிட்டார்கள்.

கடைசியாக என் சொந்த அனுபவம்; ஆராய்ச்சியாளன் தன்னையே பரிசோதனைப் பொருளாக்கிக்கொள்வதற்கு முன்னோர் உண்டு. செம்பூருக்குக் குடிபெயர்ந்தபின், மும்பையில் பல கம்பெனிகள் வீட்டுத் தொலைபேசி தருவதற்கு வாசற்படி ஏறிவந்த காலத்தில், அவற்றில் ஒன்றிடம் ஓர் இணைப்பு வாங்கினேன். 2013இல் ஒரு மாதம் பில்லில் இதரம் 30 ரூபாய். விசாரணைக்காகச் சுழற்றி, ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, சந்தூர் வாத்தியத்தை வெகுநேரம் ரசித்த பிறகு, நான் ஜோதிட சேவைக்குச் சந்தாதாரன் என்றும், ஒப்புதலுக்கு அடையாளமாக என் வீட்டிலிருந்தே நட்சத்திரக் குறியை அழுத்தியிருப்பதாகவும் ஓர் இளைஞர் பணிவோடு தெரிவித்தார். குறித்த தினத்தில் நான் செட்டா நகர் முருகன் கோயிலின் 108 படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன்; வீட்டில் இருந்தவள் என் தாயார். சபை கூடிற்று. ஹிந்தியில் யாரோ ஒரு பெண் மரியாதையாக 'ஸ்டார், ஸ்டார்' என்று கேட்டாள் என்றும், பெரியவர்களாகக் கேட்கும்போது சொல்லாமல் இருப்பது முறையன்று என்பதால் 'ரோகிணி' என்று இரண்டு தரம் உரக்கச் சொன்னதாகவும், பக்கத்திலிருந்த பேரன் எதையோ அமுக்கினான் என்றும் அம்மா வாக்குமூலம் அளித்தாள். என் சித்தாந்தம் என் வீட்டிலேயே நிரூபணமாயிற்று.

மூன்று கடிதங்களுக்குப் பின் 30 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள், அதன்மேல் 12.36 சதவீதமாக விழுந்த சேவை வரி 3 ரூபாய் 71 காசு திரும்பவில்லை. ஆனால் அதற்கடுத்த மாதப் பில்லில், இதரம் என்ற அதே வரியில், கழித்தல் குறியோடு 37 காசு காணப்பட்டது. கம்பெனி எனக்கு 37 காசு கடன்பட்டது எவ்வாறு என்பதை ஏழெட்டு விதமாகக் கணக்கிட்டும் விடை கிட்டாமல், கேட்டுவிடுவதே உத்தமம் என்று ரிஸீவரை எடுத்தேன்.

"ஏன்னா, வெச்சுட்டுப் பேசாம உள்ளே வாங்கோ" என்றாள் என் மனைவி, அடுக்களையிலிருந்தபடியே. "கேட்டா, கேட்டதுக்கு ஒரு சார்ஜ் போடுவா."