கேசட்டுக்குக் கொடுத்த கைமாத்து: ஓர் ஆய்வு

சேமித்தல் என்பது யாது? திரும்பி வரும் என்ற துணிவில் கைப்பொருளை இன்னொன்றிடம் ஒப்படைத்தல். இந்த வரையறை கைமாத்துக்கும் பொருந்துகிறதே என்று மாணவர் ஐயுறலாம். பொருந்தத்தான் செய்கிறது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு ஏதும் உண்டா என்பதே நம் ஆராய்ச்சி. ஆய்வுக்களம்: 1982-ல் பிரிட்டனில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியும், வீட்டில் உட்கார்ந்தபடியே ஆட்டம் செய்ய அதற்கென வந்த மென்பொருளும். ஆய்வுக்காலம்: மின்சாரம் உள்ளவரை.

கடைசிச் சொல் விளையாட்டுக்குச் சொன்னதன்று. ஸ்பெக்ட்ரத்துக்கு ஆன்-ஆஃப் சுவிட்சே கிடையாது. ஒயரைப் பிடுங்கினால் அணையும், செருகினால் விழிக்கும். விழிக்கும்போது அதன் 48 கிலோபைட் நினைவகம் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு. யாராவது ஒயரில் கால் தடுக்கினாலும் அதே கதிதான்.

1983-ல் வேல்ஸ் நாட்டின் பாரி என்னும் ஊரிலிருந்த கில்சாஃப்ட் நிறுவனம், கிரேம் யேண்டில் எழுதிய ‘தி க்வில்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. நிரல் எழுதத் தெரியாதவரும் இடங்களையும் பொருள்களையும் கட்டளைச் சொற்களையும் தட்டச்சு செய்து, எழுத்தாலான சாகச ஆட்டம் ஒன்றை இதில் கட்டிவிடலாம். மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்த பிள்ளை இரவுச் சாப்பாட்டுக்குள் ஒரு குகை, ஒரு பாலம், திறக்காத கதவு ஒன்று எல்லாம் செய்து முடித்துவிடும். அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். குகையைச் சேமித்தாக வேண்டும்.

சேமிப்புச் சடங்கு பின்வருமாறு. டேப் ரெக்கார்டரின் ‘இயர்’ ஒயரைக் கழற்றவேண்டும். ‘மைக்’ ஒயர் மட்டும் இருக்கவேண்டும். கேசட்டின் முதுகில் உள்ள பிளாஸ்டிக் பல்லை யாரும் உடைக்கவில்லையே என்று பார்க்கவேண்டும். உடைத்திருந்தால் செல்லோடேப் ஒட்டவேண்டும். நாடாவின் தொடக்கத்தில் எதுவும் பதியாத வெற்றுப் பகுதி ஓடி முடியவேண்டும். பிறகு ரெக்கார்டும் ப்ளேயும் ஒருசேர அழுத்தி, கணினியில் ஒரு விசை. ஐந்து விநாடி ஒரே சுருதியில் ‘கீ’ என்ற ஓலம். திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள். அது வெறும் முகவரிச்சீட்டு: பெயர் உள்ளிட்ட 17 பைட். சற்று மௌனம். மறுபடி இரண்டு விநாடி ஓலம். அதன் பிறகே சரக்கு, நீலமும் மஞ்சளுமான மெல்லிய கோடுகளோடு, ‘கர்ர்’ என்று. 40 கிலோபைட் சரக்கென்றால் ஏறத்தாழ நான்கு நிமிடம். அம்மா இரண்டாவது தடவை கூப்பிடுகிறாள்.

ஸ்பெக்ட்ரத்தின் சொந்த நிரல்மொழியான பேசிக்கில் சேமித்தால், முடிந்ததும் அது ‘0 ஓகே’ என்று அறிவிக்கும். நம் ஆய்வின் முதல் முடிவு இங்கேதான் கிடைக்கிறது. கேசட் போட மறந்திருந்தாலும் ‘0 ஓகே’. ஒயர் கழன்றிருந்தாலும் ‘0 ஓகே’. டேப் ரெக்கார்டரே இல்லாத வீட்டிலும் ‘0 ஓகே’. கணினி தன் பங்குக்குக் கத்தி முடித்துவிட்டது. எதிரில் காது இருந்ததா என்பது அதற்குத் தெரியாது. பழைய கணினியைப் போலச் செய்யும் மென்பொருளான எமுலேட்டரில் ஆய்வு நடத்தும் இக்கட்டுரையாளரும் டேப் கோப்பை இணைக்காமலே இந்த ‘0 ஓகே’ சான்றிதழைப் பெற்றிருக்கிறார். அதில் ஓகேயைவிட அந்தப் பூஜ்ஜியமே நேர்மையானது.

அஃதேல், பதிந்ததைச் சரிபார்க்க வழியே இல்லையோ எனின், உண்டு. ‘வெரிஃபை’ என்றொரு கட்டளை. நாடாவை மறுபடி ஓடவிட்டால், பதிந்ததையும் நினைவகத்தில் இருப்பதையும் ஒப்பிட்டுச் சொல்லும். பிழையென்றால் மறுபடி சேமிக்கலாம். இத்தனை உயர்ந்த கட்டளையை ஏன் எல்லோரும் கையாளவில்லை என்பதற்கு விசைப்பலகையே விடை சொல்கிறது. பேசிக்கில் ‘சேவ்’ என்பதற்கு எஸ் விசை ஒன்றை அழுத்தினால் போதும். ‘லோட்’ என்பதற்கு ஜே. ‘வெரிஃபை’ வேண்டுமென்றால் கேப்ஸ் ஷிஃப்டையும் சிம்பல் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தி, விட்டு, பிறகு சிம்பல் ஷிஃப்டோடு ஆர் அழுத்தவேண்டும். க்வில் இந்தக் கொடுமையைச் செய்யவில்லை. சரிபார்ப்பைத் தன் பட்டியலிலேயே கொடுத்துவிட்டது. ஆனால் நாடா மறுபடி அதே நான்கு நிமிடம் ஓடவேண்டுமே. அம்மா இப்போது கூப்பிடவில்லை; அடுத்த அறையில் காலடிச் சத்தம் கேட்கிறது.

இனி மீட்டல். கொடுத்த கடனைக் கேட்கப் போகும் இடம் இது. பேசிக்கில் எழுதியதை ‘லோட்’ செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முகவரிச்சீட்டு கிடைத்த உடனேயே கணினி பழைய நிரலை அழித்துவிடுகிறது. சரக்கு முழுசாக வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. புதுவீட்டுக்குச் செங்கல் வந்து இறங்குமுன்பே பழைய வீட்டை இடித்துவிட்டுத் திண்ணையில் உட்காரும் மேஸ்திரி அது. கடைசி பைட் சரிபார்ப்பு பைட். முன்னால் வந்த ஆயிரக்கணக்கான பைட்டுகளில் ஒன்று பிசகியிருந்தாலும் அங்கே கணக்கு உதைக்கும். உடனே ‘ஆர் டேப் லோடிங் எர்ரர்’. ஸ்பெக்ட்ரத்தின் அறிவிப்புக் குறியீடுகள் 0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் ஆர் வரை. ஆருக்கு அப்பால் எதுவுமில்லை. இடமறிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு நுட்பம்: ஒருவர் வீட்டு ரெக்கார்டரில் பதிந்தது அங்கே வரும், நண்பர் வீட்டில் வராது. இரண்டு ரெக்கார்டர்களின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இருப்பதில்லை. சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஹெட் அருகே உள்ள திருகை முடியளவு திருப்பித் திருப்பி, ஓலம் கணீரென்று கேட்கும் இடத்தில் நிறுத்தவேண்டும். நண்பர் வீட்டில் வந்துவிடும். அதன்பின் நண்பரின் பழைய கேசட்டுகள் வருமா என்பது நட்பியலின் பாற்படும். இங்கு விரிப்பின் பெருகும்.

க்வில்லில் சேமிப்பு இருவகைப்படும்: தரவுத்தளமாகச் சேமித்தல், ஆட்டமாகச் சேமித்தல். முன்னது அரிசி, பின்னது சோறு. சோறு பரிமாறுவதற்கு. நாளைக்குக் குகையில் இன்னொரு வாசல் திறக்க அரிசிதான் வேண்டும். பொங்கிய பெருமிதத்தில் சோற்றை மட்டும் பதிந்துவிட்டு ஒயரைப் பிடுங்கியவரைத் தேற்ற எந்த அதிகாரமும் எழுதப்படவில்லை.

ஒப்பீட்டுக்காக ஜப்பான். 1984-ல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் ஆட்டக்கருவிக்கு வந்த ‘எக்சைட்பைக்’ ஆட்டத்தில் மோட்டார் சைக்கிள் பாதையை நாமே வடிவமைக்கலாம். மேடு, பள்ளம், சேறு எல்லாம் வைத்து முடித்தபின் ‘சேவ்’, ‘லோட்’ என்று இரு தெரிவுகள். அங்கே இவை வேலை செய்தன; ஃபேமிலி பேசிக் விசைப்பலகை வழியாக இணைக்க டேட்டா ரெக்கார்டர் என்ற கேசட் கருவியை நிண்டெண்டோ விற்றது. 1985-ல் ஆட்டம் அமெரிக்காவுக்குப் போனது, ரெக்கார்டர் போகவில்லை. இரு தெரிவுகளும் திரையில் அப்படியே இருந்தன. அவை இயங்கமாட்டா, பிற்காலக் கருவிகளுக்காக வைத்திருக்கிறோம் என்று கையேட்டில் அச்சிட்டுவிட்டார்கள்.

திருப்பித் தரமாட்டேன் என்று வாங்கும்போதே சொல்லிவிட்ட கடனாளி அது. இவ்வாய்வில் கண்ட சேமிப்புகளுள் சொன்ன சொல் தவறாதது அது ஒன்றே.