பொட்டலம் பிரிக்கும் வித்தை

நிஷி கசாய்,
டோக்கியோ.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? போன வாரம் போனில் பேசும்போது, "எல்லாச் சாமானும் பாக்கெட்டிலேயே வந்து இறங்குகிறது, பொட்டலம் மடிக்கத் தெரிந்தவனுக்கு இனி மளிகைக்கடையில் என்ன வேலை?" என்று அலுத்துக்கொண்டீர்கள். நான் குடியிருக்கும் ஊரின் கதையைக் கேட்டால் அந்த அலுப்பு கொஞ்சம் குறையும். இங்கே பொட்டலம் கட்டுவதைச் சாஸ்திரமாகவே வைத்திருக்கிறார்கள்.

ஆபீசில் யாராவது வெளியூர் போய்வந்தால் எல்லோருக்கும் தின்பண்டம் வாங்கிவர வேண்டும். அதற்கு ஓமியாகே என்று பெயர். முதலில் ஒரு கைப்பை. அதற்குள் காகிதம் சுற்றிய பெட்டி. அந்தக் காகிதத்தைக் குறுக்காக வைத்து மடித்து, ஒரே ஒரு இடத்தில் டேப் ஒட்டியிருப்பார்கள்; நீங்கள் பார்த்தால் தொழில்காரன் என்று கையெடுத்துக் கும்பிடுவீர்கள். பெட்டிக்குள் பிளாஸ்டிக் தட்டு. தட்டில் ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் தனித்தனி உறை. பிஸ்கட் என்னவோ இரண்டு கடிதான். கூடவே, 'தின்னாதே' என்று அச்சடித்த குட்டிப் பொட்டலம் ஒன்று. உள்ளே இருப்பது இரும்புத் தூள். அது துருப்பிடிக்கும்போது உறைக்குள் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. பண்டம் பூஞ்சை பிடிக்காது, எண்ணெய் சிக்கு வாடை அடிக்காது. மிட்சுபிஷி கேஸ் கெமிக்கல் என்ற கம்பெனி 1977-இல் 'ஏஜ்லெஸ்' என்ற பெயரில் இதை விற்க ஆரம்பித்தது. நம் கடைக் காராசேவு டப்பாவில் ஒன்றைப் போடலாமே என்று யோசித்தேன். நாள் முழுக்க நீங்கள் மூடியைத் திறந்து திறந்து மூடுகிற வேகத்துக்கு அந்த இரும்பு ஒரே நாளில் ஓய்ந்துவிடும்.

மாமனார் வந்திருந்தாரே, அவர் கதையைக் கேளுங்கள். இங்கே ஓனிகிரி என்று முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டை எல்லாக் கடையிலும் கிடைக்கும். சுற்றிலும் கடற்பாசித் தாள். தாள் சோற்றில் பட்டால் நமுத்துவிடும் என்பதற்காக அதை இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவில் வைத்திருப்பார்கள். உறையின்மேல் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். 1-ஐப் பிடித்து உச்சியிலிருந்து கீழே இழுத்தால் உறை நடுவில் பிளக்கும். 2-ஐ ஒரு பக்கமும் 3-ஐ மறுபக்கமும் உருவினால், உள்படலம் நழுவி, மொறுமொறுவென்ற தாள் தானே போய்ச் சோற்றைப் போர்த்திக்கொள்ளும். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த மனிதர், உள்ளே ஊறுகாய்ப் பழம்தான், சைவம்தான் என்று உறுதிசெய்துகொண்டு, நேராக 3-இல் ஆரம்பித்தார். சோறு மடியில், தாள் உறையில், உறை கையில். "எண் போட்டால் வரிசையாகத்தான் போக வேண்டுமா?" என்று என்னையே கேட்டார்.

ராத்திரி மீந்த அவியல் விடிவதற்குள் ஊசிப்போகிற ஊர்க்காரருக்கு இன்னொரு அதிர்ச்சி, பையில் அடைத்த கறிக்குழம்பு. ஒட்சுகா கம்பெனியின் 'போன் கறி' 1968-இல் வந்தது. பையில் அடைத்து வீட்டு உபயோகத்துக்கு விற்ற குழம்புகளில் உலகத்துக்கே அதுதான் முதல். குழம்பைப் பையில் அடைத்து மூடி, பிரஷர் குக்கர் மாதிரி அழுத்தத்தில், 120 டிகிரி சூட்டில் கிருமியெல்லாம் சாகும்படி வேகவைக்கிறார்கள். முதலில் வந்த பை உள்ளே இருப்பது தெரியும் ரகம். வெளிச்சமும் காற்றும் கசிந்ததால் சில மாதம்தான் தாங்கியது. மறுவருஷமே அலுமினியப் படலம் சேர்த்தார்கள். இரண்டு வருஷம் தாங்கியது, ஃபிரிட்ஜே வேண்டாம். மாமனார் தேதியைப் படித்துவிட்டு, "இதைச் சமைத்தவன் இப்போது எங்கே இருக்கிறானோ" என்றார். தொடவில்லை.

இப்படிக் கிண்டல் செய்தாலும், ஒரு விஷயத்தில் இவர்களை மெச்சத்தான் வேண்டும். கண்ணில் சோப்பு நுரையோடு கைக்கு அகப்பட்ட பாட்டிலை எடுத்தால், அது ஷாம்புவா கண்டிஷனரா? ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் வரிவரியாக மேடு இருக்கும், கண்டிஷனரில் இருக்காது. பார்வையற்றவர்கள் கேட்டுக்கொண்டதற்காக 1991-இல் காவோ கம்பெனி செய்தது. யோசனையைப் பூட்டி வைக்காமல் மற்ற கம்பெனிகளும் செய்யட்டும் என்று விட்டுவிட்டது. பால் அட்டைப்பெட்டியின் தலையில் ஓரத்தில் அரைவட்டமாகச் சின்ன வெட்டு இருக்கும். தடவிப் பார்த்தாலே கலப்பில்லாத பால் என்று தெரியும்; திறக்க வேண்டியது அதற்கு எதிர்ப்பக்கம். பீர் டப்பாவின் மூடியில்கூட 'மது' என்று பிரெய்லில் பொறித்திருக்கிறார்கள். அதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பெரியம்மா கேட்டால், கடையில் பார்த்தேன் என்று சொல்லுங்கள்.

ஷாம்பு என்றதும் நம் கடலூர் சின்னிகிருஷ்ணன் ஞாபகம் வருகிறது. அவர் சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்ததால்தானே கூலி வேலைக்குப் போகிறவர்களும் ஷாம்பு வாங்கினார்கள். உங்கள் கடை வாசலில் அது சரம்சரமாகத் தொங்குகிறது. ஜப்பானில் போக்கு நேரெதிர். பாட்டிலை ஒரு முறை வாங்கினால் போதும்; பிறகு வாங்குவதெல்லாம் மெல்லிய பையில் வரும் மறுநிரப்புச் சரக்கு. பாட்டிலை விடப் பையில் பிளாஸ்டிக் மிகக் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டும், அதுதான் பாடு. என் வீட்டுக்காரி பற்பசைக் குழாயையே சப்பாத்திக் கட்டையால் உருட்டுகிறவள்; அவளுக்கு இந்த ஊர் ரொம்பப் பிடித்துவிட்டது.

தொல்லை எல்லாம் பிரித்த பிறகுதான். உறைகளைத் தரம் பிரித்து மறுசுழற்சி செய்ய 1995-இல் சட்டமே போட்டார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தூக்கிப்போட வேண்டுமா? மூடியைக் கழற்று, லேபிளை உரி, அலசு, நசுக்கு. மூடியும் லேபிளும் ஒரு பக்கம், பாட்டில் வேறொரு பக்கம். லேபிளை உரிக்க வசதியாகத் துளை வரிசை போட்டிருக்கிறார்கள்; உரிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்காக லேபிளே இல்லாத பாட்டிலைப் பெட்டிக் கணக்கில் விற்கிறார்கள். பால் பெட்டியைக் கழுவி, வெட்டி விரித்து, காயப்போட வேண்டும். எங்கள் பால்கனிக் கொடியில் வேட்டியும் பால் பெட்டியும் சேர்ந்தே காய்கின்றன. பிரித்தது தப்பாகிவிட்டால், காரணம் எழுதிய சீட்டை ஒட்டிக் குப்பையை அங்கேயே விட்டுப்போவார்கள், தெருவே படிக்கும்படி. பிரிக்கிற விரலுக்காக இவ்வளவு யோசித்தவர்கள், கழுவுகிற கையைப் பற்றிக் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அந்த பிஸ்கட்டுக்கு ஐந்து சுற்று எதற்கு? இரண்டு போதாதா? இதை ஆபீசில் கேட்டேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மறுநாள் இன்னொரு பெட்டி வந்தது.

ஒரு விஷயம், மறந்துவிடப் போகிறேன். நம் ஊரில் 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. இங்கே தடை இல்லை, காசு. 2020 ஜூலையிலிருந்து கடையில் பை கேட்டால் மூன்று யென்னோ ஐந்து யென்னோ தனியாக வாங்கிவிடுகிறார்கள். பெரிய தொகை இல்லை, ஆனாலும் மளிகைக்கடைக் குடும்பத்துப் பிள்ளை பைக்குக் காசு கொடுப்பதா? டிசம்பரில் சித்தி வரும்போது நான்கு மஞ்சப்பை கொடுத்தனுப்புங்கள், நம் கடைப் பெயர் அச்சடித்ததாக. அதை மட்டும் தயவுசெய்து பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
ரவி