சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை

வேப்பமரத்தைச் சுற்றி ஒரு சாண் மண்கூடத் தெரியாமல் சிமென்ட் பூசினோம். செருப்பில் சேறு ஒட்டாது, காரும் நிறுத்தலாம். தண்ணீர் கிடைக்காத வேர் மட்டும் நன்றியில்லாமல் செப்டிக் டேங்க்கைத் தேடிப் புறப்பட்டது. போகிற போக்கில் காம்பவுண்டுச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு.

மேஸ்திரி விரலை விட்டுப் பார்த்தார். "சுவர் மேல தப்பில்ல சார். வேரை எடுத்துடலாம்."

என்ன தெளிவு! சுவர்ப்பக்கத்து வேர்கள் அத்தனையும் ஒரே காலையில் விறகாயின. 2016 வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்த பழங்கதையை எதிர்வீட்டுப் பெரியவர் ஆரம்பித்தார். பாவம், வயசாகிவிட்டது. நாங்கள் வெடிப்பைப் பூசி, வெள்ளையடித்து, பச்சை எழுத்தில் 'மரம் வளர்ப்போம்' என்று எழுதினோம்.

ஐப்பசி மழையில் மரம் சாய்ந்தது. சுவரைத் தொடவே இல்லை. நேராகக் கார் மேல்.

மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "நான்தான் சொன்னேனே சார்!"