தோட்டத்துக் கப்பலேறிகள் இலக்கணம்

உலகத்துப் பொருள்களையெல்லாம் உயர்திணை, அஃறிணை என்று இரண்டாக வகுத்து முடித்துவிட்டார்கள் நம் இலக்கண ஆசிரியர்கள். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1735இல் செடி, விலங்கு, கல் மூன்றையும் வரிசைப்படுத்தி ஒரு நூல் செய்தார். இவர்கள் ஒருவர் கண்ணிலும் படாத உயிர்த்தொகுதி ஒன்று உண்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து ஆண்டுக்கொரு தடவை யாழ்ப்பாணத்துக்கோ கதிர்காமத்துக்கோ புறப்படும் டிரிப் பஸ்ஸுக்குள் அது இருக்கிறது. அக்குறை தீர்க்கவே இந்நூல் எழுந்தது. கற்பவர் அடையும் பயன், ஜன்னலோர சீட்.

பஸ் எப்படிக் கப்பலாகும் எனின், கூறுதும். மத்தியதரைக் கடலில் நூறு இருநூறு பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓடும் சிறிய உல்லாசக் கப்பல்கள் உண்டு. வாலெட்டா, டுப்ரோவ்னிக், சாண்டோரினி என்று துறை துறையாக நிற்கும். படுப்பதும் உண்பதும் கப்பலில், பார்ப்பது மட்டும் கரையில். சில மணித்தியாலத்தில் ஊரைப் பார்த்து, கண்டதை வாங்கி, தலையெண்ணி மறுபடி ஏற வேண்டும். சாண்டோரினியில் கப்பல் கரையோடு அணைய முடியாது. சின்னப் படகுகளில்தான் ஆளை இறக்குவார்கள். தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களிலும் இதே நிலைமைதான். பெரிய பஸ் தேயிலை ஸ்டோருக்கு மேலே ஏறாது. மேல் டிவிசன் சனம் ட்ரக்டரிலும் ஆட்டோவிலும் இறங்கி வந்து சந்தியில் காத்திருக்கும். இதற்கு மேலும் சந்தேகம் கொள்பவர் இரவு ரெண்டு மணிக்கு தம்புள்ளையில் இறங்கிக்கொள்ளலாம்.

சப்பிரகமுவைக்குக் கடலில்லையே எனின், இல்லைதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இரத்தினபுரிச் சரக்கு களுகங்கை வழியே ஓலைக்கூரைப் படகுகளில் களுத்துறைக்கு இறங்கியது. 2003 மேயிலும் 2017 மேயிலும் கங்கை பெருகியபோது இரத்தினபுரியில் வீதியிலேயே படகு ஓடியது. அதை யாரும் டிரிப் என்று சொல்வதில்லை என்பதால் இந்நூலுக்குப் புறம்பு.

கலம் மூவகைப்படும்: லேலண்ட், ரோசா, வேன். வேனில் போவது குடும்பம், ஊர் அன்று. ஆகவே அதை விடுக. ரோசாவில் ஏ.சி. உண்டு என்று சொல்லித்தான் பேசுவார்கள். மற்றபடி இதில் ஆராய ஒன்றுமில்லை.

இனிப் பயணியர் இயல். அதற்கு முன், எம்மைப் பிறர் வகுத்த வகைகளைச் சொல்லாமல் போவது நூல்மரபு அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்குத் தகரத்துண்டு ஒன்று கொடுத்தார்கள். போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் எண் அதில் பொறித்திருக்கும். ஆள் யார் என்பதற்குத் தகரமே சாட்சி. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடங்கிய பிறகு அந்த இருபத்திரண்டு மைல் கடல்தான் எங்கள் முன்னோரின் மத்தியதரை. அடுத்து 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், உள்ளோர், இல்லோர் என்று இரண்டே வகை வைத்து, எங்களில் பெரும்பாலோரை இரண்டாவதில் போட்டது. மூன்றாவதாக 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அது இலக்கணமல்ல, வகுத்தல் கணக்கு. 975,000 பேரில் 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பத்து வருடம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் எழுதிய 1964 டிசம்பரிலேயே புயலில் தனுஷ்கோடி அழிந்ததால் கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. 1984இல் போர் அதை நிறுத்தும்வரை எத்தனையோ பேரை அது அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துக் கிழவிகளிடம் இன்றும் கேட்கலாம்: “இராமானுஜம் கப்பல்லதான் எங்க அக்கா போனிச்சு.” எப்போது என்று கேட்டால் வருடம் சொல்ல மாட்டார்கள், இன்ன பிள்ளை வயிற்றிலிருந்தபோது என்பார்கள்.

இவ்வகைகளெல்லாம் ஆளைக் கேட்காமல் வகுத்தவை. எமது பகுப்பு அப்படியன்று. பஸ் ஏறிய அரைமணியில் ஆள் தானே வந்து தன் வகையில் விழும்.

முதல்வகை, உமிழ்வோர். எண்ணிக்கையிலும் சத்தத்திலும் இவர்களே தலையாயவர். இவர்கள் நால்வகையர். பஸ் ஸ்டார்ட் ஆகுமுன், டீசல் மணத்துக்கே வயிறு புரள்பவர் முன்னுமிழ்வோர். தோட்டத்து றோட்டின் ஆறாவது வளைவில் தொடங்குவோர் வளைவுமிழ்வோர். தமக்கொன்றும் இல்லாமல், பக்கத்தில் ஒருவர் எடுப்பதைப் பார்த்து எடுப்போர் ஒத்துமிழ்வோர். இவர்களால் ஒரு சொப்பிங் பேக்கில் தொடங்கிய விவகாரம் ஒரு வரிசை முழுவதுக்கும் பரவும். நாலாமவர்தாம் ஆய்வாளருக்குச் சவால். உமிழ்வோருக்கு ஜன்னலோர சீட் கொடுப்பது பஸ்ஸின் எழுதாச் சட்டம். அதை அறிந்து, ஏறும்போதே கையில் எலுமிச்சம்பழமும் நெற்றியில் சித்தாலேபவுமாக வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே ஜன்னலைப் பிடித்துவிட்டு, ஆனையிறவுவரை ஒரு துளியும் எடுக்காமல் காற்று வாங்குவோர் பொய்யுமிழ்வோர். இவரைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றே: ரொட்டியும் கட்டச்சம்பலும் சுற்றிவரும்போது இவர் ரெண்டாவது ரொட்டிக்குக் கை நீட்டுவார்.

இரண்டாம் வகை, எண்ணுவோர். இவர்கள் தோட்டத்தில் ஏற்கெனவே எண்ணிப் பழகியவர்கள்: தோட்டத் தலைவர், கங்காணி, சீட்டுப் பிடித்த அக்கா. காலையில் பெயர் பதியும் பெரட்டில் ஆள் எண்ணியவருக்குத் துறைதோறும் ஆள் எண்ணுவது பெரிதா என்று கேட்கலாம். பெரட்டில் நிற்பவர் பெயர் விழ வேண்டுமென்று நிற்பவர். டிரிப்பில் நிற்பவர் கச்சான் வாங்க வேண்டுமென்று போய்விடுபவர். மடியில் இருக்கும் பிள்ளை ஒன்றா, அரையா, இல்லையா என்பதில் நூலோரிடை கருத்து வேறுபாடு உண்டு. குருணாகலில் ஐம்பத்திரண்டு, வவுனியாவில் ஐம்பத்தொன்று, கிளிநொச்சியில் ஐம்பத்துமூன்று. ஒருவர் எப்போதும் கக்கூசில் இருப்பார். அவர் யார் என்பது மாறிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் வகை, பாடுவோர். கடைசி வரிசை, கொழும்பில் கடையிலும் கார்மெண்டிலும் வேலை செய்யும் பொடியன்மாரும் பிள்ளைகளும். ஸ்பீக்கர் அவர்களுடையது, ஆகவே பாட்டும் அவர்களுடையது. அவிசாவளைவரை சாமிப் பாட்டு, அப்பால் பைலா. நாலாம் வகை, உறங்குவோர். இவர்களைப் பற்றி எழுத ஏதுமில்லை; எழுப்பினால்தான் வகை மாறுவார்கள்.

ஐந்தாம் வகையே இந்நூலின் உயிர்: ஊட்டுவோர்.

புறப்படுகையில் இவர்களை யாரும் கவனிப்பதில்லை. சீட் ஒதுக்கும்போது முன்வரிசை தலைவருக்கு, அடுத்தது கணக்கப்பிள்ளை வீட்டாருக்கு, அடுத்தது தவறணைக் கணக்கு நேர்த்தியாக வைத்திருப்பவருக்கு. சமையலுக்கு வந்த மூன்று பெண்களும் கிடாரம், அகப்பை, ரப்பர் விறகுக் கட்டு, அரிசி மூட்டையோடு பின்கதவருகே. ஸ்டோரில், பெரட்டில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் எந்த வரிசையோ அதே வரிசைதான் பஸ்ஸிலும் ஏறும். அது வவுனியாவரை செல்லும்.

வவுனியாவைத் தாண்டி, பெரிய மரமும் கோயில் கிணறும் ஒரேயிடத்தில் வாய்த்த இடத்தில் பஸ் நிற்கிறது. மூன்று கல். விறகு. கிடாரத்தின் அடிக்குச் சேறு பூசுகிறாள் ஒருத்தி, கரி பிடிக்காமலிருக்க. மற்றவள் அரிசியை மூன்று தண்ணீரில் களைகிறாள். மூன்றாம் தண்ணியை வீசாமல் எடுத்து வைக்கிறாள், பருப்புக்காக. உப்பு டப்பா அவள் மடியில். அந்த டப்பாவை மட்டும் யாரிடமும் கொடுப்பதில்லை. தலைவர் வந்து “இன்னும் எவ்வளவு நேரம்?” என்கிறார். அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. “விறகு போதாது. பொறுக்கிட்டு வரச் சொல்லுங்க” என்கிறாள். தலைவர் போய்ப் பொறுக்குகிறார். காலை ஆறரைக்கு மலையில் அவள் பெயருக்கு நேரே அரைநாள் சம்பளமென்று அரை பேர் போட்ட கணக்கப்பிள்ளை, இலையோடு வரிசையில் நிற்கிறார். ஊட்டுவோர் தலைமை இங்கே தொடங்குகிறது. கோயிலுக்கு முதலில் போவதா குளிப்பதா, கீரிமலையா நல்லூரா, எல்லாத் தீர்ப்பும் இனிக் கிடாரத்தின் பக்கத்திலிருந்தே வரும். நிலத்தில் அதிகாரம் பெயர் பதியும் செக்ரோலைத் தொடரும், கலத்தில் சோற்றைத் தொடரும்.

ஊட்டுவோர் ஆட்சியின் பெரும் சிக்கல் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும். டிரிப் என்பது கோயில் டிரிப். ஆகவே கடைசிக் கோயில் முடியும்வரை மச்சம் கூடாது, தண்ணியும் கூடாது. இதனால் இன்னும் எத்தனை கோயில் மிச்சம் என்று விரல் விட்டு எண்ணும் ஆண்கள் ஒரு கிளைவகை ஆவர். இவர்களைப் பக்திமான்கள் என்று மயங்கற்க.

இனித் துறைகள். கதிர்காமத்துக்கு இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிய வழியே ஓரிரவுக்குள் போய்விடலாம் என்பதால் அதைத் துறையென்றே மதியார். முன்னேஸ்வரம் சற்றுச் சுற்றுவழி. பெருந்துறை நயினாதீவு. 2009இல் போர் முடிந்து ஏ9 வீதி மறுபடி திறந்த பிறகுதான் அது தோட்டத்து டிரிப்புக்குள் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவுப் பாலங்களைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகு, கால்மணிக்குச் சற்றுக் கூட. பஸ் என்னும் கப்பலில் வந்தவர் இங்கே உண்மையான கலத்தில் ஏறுவதால், வகைகள் கலைந்து மறுபடி அடுக்கப்படும்.

படகின் உள்ளே குனிந்துதான் இறங்க வேண்டும். இருட்டு, டீசல், உப்பு. தோடம்பழ நிற அங்கி ஒன்றை எடுத்துப் பாட்டியின் மேல் மாட்டுகிறார்கள். வெற்றிலைப் பை அங்கிக்குள் மாட்டிக்கொண்டதால் அதைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியதாகிறது. எதிர் வாங்கில் மாத்தறையிலிருந்து நாகதீபத்துக்கு, அதாவது அதே தீவின் விகாரைக்கு, வந்த சிங்களக் குடும்பம். வெள்ளைச் சேலை அம்மா ஒருவருக்கு வயிற்றைப் புரட்டுகிறது. எங்கள் முன்னுமிழ்வோர் ஒருத்தி, அதுவரை தலை நிமிராதவள், சட்டென்று எலுமிச்சம்பழத்தை நீட்டி, சிங்களத்திலேயே மூக்கில் வைத்து மோந்து பார்க்கச் சொல்கிறாள். படகோட்டி தமிழில் கத்துவதை இவள் சிங்களமாக்கி அவர்களுக்கும், அவர்கள் கேட்பதைத் தமிழாக்கிப் படகோட்டிக்கும் சொல்கிறாள். சுற்றிவரச் சிங்களக் கிராமம் சூழ்ந்த சப்பிரகமுவைத் தோட்டத்தில் பிறந்தவருக்கு இது பெரிய வித்தையன்று. சந்தைக்குப் போய் வந்தாலே வரும். இவ்வகையை மொழிபெயர்ப்போர் என்க. மற்ற ஐந்து வகையிலிருந்தும் இதற்கு ஆள் எடுக்கலாம். படகு விகாரைத் துறையிலும் அம்மன் துறையிலும் நிற்கும். எங்கள் ஆட்கள் ரெண்டிலும் இறங்கிக் கும்பிடுவார்கள். எண்ணுவோர் நிலைமை இதனால் மேலும் மோசமாகும்.

யாழ்ப்பாணத்தில் பாகுபாட்டுச் சிக்கல் ஒன்று எழுகிறது. “நீங்கள் எவடம்?” என்பார்கள். இரத்தினபுரி என்றால், “அப்ப மலையகம். அங்க நல்ல குளிர் என்ன?” என்பார்கள். நுவரெலியாப் படத்தைப் பார்த்து வளர்ந்த கேள்வி அது. இரத்தினபுரியில் வியர்க்கும், அட்டை கடிக்கும், பாதி சனம் கொழுந்தெடுக்கும், பாதி ரப்பர் பால் வெட்டும். இதையெல்லாம் விளக்கப் பனங்கட்டிக் கடை வாசலில் நேரமில்லை. ஆகவே எங்கள் ஆட்கள் “ஓம், குளிர்தான்” என்று சொல்லிவிட்டு விலை கேட்பார்கள். இது பொய்யா, வழுவமைதியா எனின், வழுவமைதி.

காங்கேசன்துறையைச் சொல்லாமல் விட்டால் நூல் குறைப்படும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற மெய்யான உல்லாசக் கப்பல் அங்கே வந்து நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்குப் பயணிகள் கப்பலும் தொடங்கியது. அதில் ஏறுவதற்கு எங்கள் தோட்டத்தில் யாரும் இன்னும் பேர் கொடுக்கவில்லை. பாஸ்போட், விசா என்று கேட்டால் பாட்டிமார் எழும்பிப் போய்விடுகிறார்கள். அந்தப் பக்கம் அக்காவைத் தேடப் போகலாமே என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். “அவ தேடி வரட்டும், கப்பல் ரெண்டு பக்கமுந்தானே ஓடுது” என்று பதில் வந்தது.

கடைசித் துறை முடிந்ததும் மச்சத் தடை நீங்கும். நீங்கும் விதத்தை இங்கு விரிக்கவில்லை. ஒடியல், பனங்கற்கண்டு, நல்லெண்ணெய்ப் போத்தல் எல்லாம் சீட்டுக்கடியில். வராதோர் என்ற வகையும் உண்டு: ஆட்டுக்கும் கோழிக்கும் தண்ணி காட்ட வீட்டில் நின்றவர்கள். இவர்களுக்குக் கொண்டுபோகும் பொட்டலம் சிறிதானால் ஒரு வருடம் பேச்சு நிற்கும்.

திங்கள் விடிய நாலு மணிக்குச் சந்தியில் பஸ் நிற்கிறது. ஆறரைக்குப் பெரட்டு. கிடாரத்தைத் தூக்கியவள் கொழுந்துக் கூடையோடு வரிசையில் நிற்கிறாள், கணக்கப்பிள்ளை புத்தகத்தோடு. ரெண்டு பேருக்கும் கண் சிவந்திருக்கிறது. அன்று அரை பேர் யாருக்கும் விழுவதில்லை என்பது இதுவரை கண்ட அளவில் விதி.

ஒழிபு. டிரிப் காசில் மிச்சம் உண்டா, கடனா என்பது தீரவில்லை. டீசலுக்கு ரெண்டு தடவை எழுதியிருக்கிறது என்கிறது ஒரு கட்சி, குருணாகலில் ஊத்தியது வேறு என்கிறது மற்றது. கணக்குக் கூட்டம் அடுத்த போயாவுக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு வருவோரின் வகைகள் பலவும் பொல்லாதவையும் ஆதலின் தனி நூலில் கூறப்படும்.