வெடிக்குப் பரிசு

வெடியில் சம்பாதித்த காசை மருத்துவ ஆராய்ச்சிக்குப் பரிசாக எழுதிவைக்கத் தோன்றியது சிவகாசிக்காரருக்கு அல்ல, டைனமைட் தந்த ஆல்ஃபிரட் நோபலுக்கு. 1864இல் ஸ்டாக்ஹோமில் அவர் தம்பி எமிலையே பலிவாங்கிய சரக்கு, டைனமைட்டுக்குள் இருக்கும் நைட்ரோகிளிசரின். கடைசிக் காலத்தில் அவருடைய நெஞ்சுவலிக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுத்ததும் அதையேதான். விதியின் கேலியைப் பாரும் என்று உதவியாளருக்குக் கடிதம் போட்டார் மனுஷன். அந்த மருந்து உடம்புக்குள் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடுதான் ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது; அந்த நைட்ரிக் ஆக்சைடை ஆராய்ந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 1998இல் அவர் பெயரிலேயே பரிசு போனது. வெடித்த காசு வட்டியோடு திரும்பியது என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கம் கணக்கு வேறு. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள்; பட்டாசும் பின்னாலேயே வந்தது. காசு கல்லூரியாகக்கூட ஆனது. ஆராய்ச்சி மட்டும் டெல்லிக் காற்று மாசு வழக்கு வரும்வரை காத்திருந்தது. உச்ச நீதிமன்றம் பிடியை இறுக்கிய 2018இல்தான் நாக்பூர் நீரி ஆய்வகம் பசுமைப் பட்டாசோடு வந்தது. பேரியம் நைட்ரேட்டுக்குத் தடை. டெல்லிக்காரர் நுரையீரலுக்காக இத்தனை வேதியியல்! சிவகாசிப் பக்கத்து வெம்பக்கோட்டையில் அலுமினியப் பொடி படிந்த கையோடு வெடிமருந்து அடைப்பவருக்குப் பரிசு, தீபாவளி போனஸ். விபத்தென்றால் நிவாரணத் தொகை. அதை வாங்க ஸ்டாக்ஹோம்வரை போகவேண்டாம், விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் போதும்.