வேகப் பரீட்சை
அதிவேகச் சேமிப்பகத்துக்கு எஸ்.எஸ்.டி. தேர்ந்தெடுக்கும் பண்டிதர்கள், உள்ளே ஒரு கோப்பும் இல்லாத புத்தம்புதிய சாதனத்தில், அதன் கேஷ் நிரம்புவதற்குள், ஒரே நிமிஷத்தில் பரீட்சையை முடித்து, விநாடிக்கு 5000 மெகாபைட் எழுதுகிறதென்று பிரகடனம் செய்யும் சாதுர்யம் மிகவும் சிலாக்கியமானது. மணிக்கணக்கில் இடைவிடாது எழுதினால் வேகம் பத்தில் ஒரு பங்காகச் சரியக்கூடும் என்பது மெய்தான். ஆயினும், நற்பெயர் பெற்ற ஒரு வஸ்துவை அவ்வளவு நேரம் வருத்துவது தர்மமாகுமா? மின்சாரம் திடீரென்று போனால், எழுதிவிட்டதாக அது சொன்ன தகவல் மிஞ்சுமா என்று சோதிப்பதோ, விருந்தாளியின் பையைத் துழாவுவதற்கு ஒப்பான அநாகரிகம். எழுத எழுத ஆயுள் தேயுமாதலால், ஒன்றுமே எழுதாதிருப்பதுதான் உத்தமம் என்ற சித்தாந்தத்தையும் அவர்கள் விரைவில் எட்டிவிடுவார்கள். இவ்விதம் தேர்ச்சி பெற்று வந்த எஸ்.எஸ்.டி.கள், விநாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் கடத்தவியலாத ஒரு கிகாபிட் கேபிளின் மறுமுனையில் பரம சௌக்கியமாக வீற்றிருக்கின்றன.