ராடு ஓவனும் பிடிஎஃப்பும்

தொண்ணூறுகளில் இன்டர்ன்ஷிப்பை 'இன்பிளான்ட் டிரெய்னிங்' என்போம். திருச்சிப் பக்கம் மெக்கானிக்கல் படித்தவன் அதைத் தேடித் துவாக்குடிக்குத்தான் பஸ் ஏறுவான். பெல் நிறுவனத்துக்கு பாய்லர் பாகங்கள் செய்துகொடுக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் அங்கே நிறைய. கையில் கல்லூரி தந்த போனஃபைடு கடிதம் இருக்கும். உள்ளே ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் கடிதம் மேனேஜர் மேஜைக்குப் போகும். இல்லாதவனை வாட்ச்மேன் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார். சிபாரிசுக்கு ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகள் விடுமுறை முழுக்க வெயிலில் அலைந்தார்கள். அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் உள்ளே போய்விட்டால் வேலை இருந்தது. எனக்கு வாய்த்த வெல்டர் அண்ணன் பத்தாவது தாண்டாதவர். வெல்டிங் ராடை ஓவனில் சுடவைக்காமல் தொடமாட்டார். ராடில் ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் உள்ளே இறங்கி, ஆறிய பிறகு வெல்டில் விரிசல் விடும் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். "ஈர ராடு இன்னைக்கு ஒட்டும் தம்பி, நாளைக்கு விரியும்" என்று அவர் சொல்லி, விரிந்த துண்டைக் கையில் கொடுத்தபோதுதான் அந்தப் பாடம் எனக்குள் இறங்கியது.

என் அக்கா மகள் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவள் எந்தக் கேட்டிலும் நிற்க வேண்டியதில்லை. கைப்பேசியைத் திறந்தால் இன்டர்ன்ஷிப் விளம்பரங்கள் கொட்டுகின்றன. "1,500 ரூபா கட்டினா போதும் மாமா, ஒரு மாசத்துல சர்டிஃபிகேட் வந்துடும்" என்றாள். கட்டணத்துக்கு நாலு வீடியோ, ஒரு வினாடி வினா, 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்று ஒரு பிடிஎஃப். எந்தப் பணி? யாரிடம்? கல்லூரி கிரெடிட்டுக்குக் காகிதம் கேட்கிறது, காகிதம் விற்பவன் கடை திறக்கிறான். கல்விக் கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடும்பத்திடமிருந்து இப்படிப் பறிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இத்தனைக்கும் படிப்பை முடித்தவர்களுக்கு நேர்வழி ஒன்று பல காலமாக இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் அதற்குள் வந்தார்கள். தென்மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு விதிகள் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று குறைந்தபட்ச உதவித்தொகை வைத்தன; குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. வேலை பழகுகிறவனுக்குத்தான் காசு, அவனிடமிருந்து அல்ல.

துறைத் தலைவர்களே, சர்டிஃபிகேட்டை வாங்கிக் கோப்பில் போடுமுன் அந்த மாணவியிடம் என்ன வேலை செய்தாள் என்று ஐந்து நிமிடம் கேளுங்கள். பெற்றோர்களே, இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். படிப்பை முடித்தவர்கள் தொழிற்பழகுநர் பயிற்சிக்கான மத்திய அரசின் 'நேட்ஸ்' இணையதளத்தில் இன்றே பெயரைப் பதியுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது.